பிடித்து வைத்தால் பிள்ளையார்: காயலான் கடைச் சாமான் கலையாவது எப்படி?

சித்தப்பாவுக்குக் கடலூர் முதுநகரில் காயலான் கடை. முப்பது வருடமாக நடத்துகிறார். இரும்பு, பித்தளை, அலுமினியம், பேப்பர், பாட்டில் என்று எது வந்தாலும் தராசில் போடுவார். போன மாதம் பாண்டிச்சேரியில் ஒரு வேலை இருந்தது, அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. வெயில் தாங்கவில்லை. கடற்கரையை ஒட்டிய தெரு ஒன்றில், பிரெஞ்சுக்காரர் காலத்து வீட்டுக்குள் ஏதோ கலைக் கண்காட்சி என்று தட்டி வைத்திருந்தார்கள். உள்ளே மின்விசிறி ஓடுவது வாசலிலிருந்தே தெரிந்தது. கலை ஆர்வம் என்று பொய் சொல்ல மாட்டேன், விசிறிக்காகத்தான் நுழைந்தோம்.

முதல் அறையில் படம் எதுவும் இல்லை. வெள்ளைச் சுவர், சிமெண்டுத் தரை. தரையில் வட்டமாக 17 பம்ப் ஸ்டவ்கள். பித்தளைத் தொட்டி, மூன்று கால், நடுவில் பர்னர், பக்கவாட்டில் காற்றடிக்கும் தண்டு. தேய்த்துப் பளபளப்பாக்கவில்லை. புகைக்கரி அப்படியே இருந்தது. ஒரு ஸ்டவின் காலில் யாரோ எப்போதோ கட்டிய கம்பிகூட அவிழ்க்கப்படாமல் கிடந்தது. சுவரில் கையகலத்தில் ஒரு அட்டை: “பம்ப் ஸ்டவ், 17. கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, விழுப்புரம்.” அவ்வளவுதான்.

சித்தப்பா குந்தி உட்கார்ந்தார். ஒரு தொட்டியைச் சுண்டிப் பார்த்தார்.

“பித்தளையத் தனியா கழட்டாமலே வச்சிருக்குது பாரு. தொழில் தெரியாத புள்ள போல.” அப்புறம் எழுந்து நின்று சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்பா, வெள்ளச் சுவத்துக்குள்ள வச்சா கலையா? அப்ப நான் முப்பது வருஷமா கலைக்கூடம்தான் நடத்துறேன்.”

வாசலில் உட்கார்ந்திருந்த பையன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி சிரித்து ஒதுக்குகிற மாதிரி இல்லை. நூறு வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்க இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு அன்றைக்கு நான் அரைகுறையாகச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

கேள்வியைத் தொடங்கி வைத்தவர் மார்செல் துஷாம் என்ற பிரெஞ்சுக் கலைஞர். 1913-இல் பாரிசில் தன் அறையில் சைக்கிளின் முன்சக்கரத்தை ஃபோர்க்கோடு தலைகீழாக ஒரு முக்காலியில் செருகி வைத்தார். சும்மா சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். மறு வருடம், கழுவிய பாட்டில்களைக் கவிழ்த்துக் காயவைக்கிற இரும்புத் தாங்கி ஒன்றைக் கடையில் வாங்கிவந்தார். அதில் அவர் எதையும் மாற்றவில்லை. 1915-இல் அமெரிக்கா போனபோதுதான் இந்த மாதிரிப் பொருளுக்கு ஒரு பெயர் கிடைத்தது: ‘ரெடிமேட்’. நம் ஊரில் ரெடிமேட் என்றால் தையல்காரரிடம் அளவு கொடுக்காமல் கடையில் வாங்குகிற சட்டை. அங்கேயும் அதே அர்த்தம்தான். கையால் செய்யாமல் தொழிற்சாலையில் செய்து வந்தது. அந்தச் சாதாரணக் கடைச்சொல்லை எடுத்துச் சிற்பத்துக்கு வைத்தார். இதற்குள் பாரிஸ் அறையைக் காலி செய்த அவருடைய தங்கை, சக்கரத்தையும் தாங்கியையும் குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிட்டார். இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை பிற்பாடு செய்த நகல்கள். “நம்ம கடைக்கு வந்திருந்தா எடைக்குத்தான் போயிருக்கும்” என்றார் சித்தப்பா, கொஞ்சம் பெருமையோடு.

பெரிய ரகளை 1917-இல் நடந்தது. நியூயார்க்கில் ஓவியர் சங்கம் ஒன்று, 6 டாலர் கட்டினால் யார் படைப்பையும் வைப்போம், தேர்வுக்குழு கிடையாது என்று அறிவித்திருந்தது. துஷாம் ஆண்கள் கழிப்பறையில் சுவரில் மாட்டும் பீங்கானை வாங்கி, மல்லாக்கப் படுக்கவைத்து, ‘ஆர். மட்’ என்ற பொய்ப்பெயரில் கையெழுத்துப் போட்டு, ‘நீரூற்று’ என்று தலைப்பு வைத்து அனுப்பினார். எல்லாவற்றையும் வைப்போம் என்றவர்கள் இதை மட்டும் வைக்கவில்லை. அந்தச் சங்கத்தின் நிர்வாகத்தில் துஷாமே ஒருவர். கோபித்துக்கொண்டு விலகினார். மூலப் பீங்கான் தொலைந்துவிட்டது, ஒரு புகைப்படம்தான் மிச்சம். ஆனால் அந்த நாட்களில் ஒரு சிறுபத்திரிகையில் அதற்கு ஆதரவாக எழுதப்பட்ட வாதம் இன்றும் நிற்கிறது. இவர் தன் கையால் செய்தாரா என்பது முக்கியமில்லை, இவர் அதைத் தேர்ந்தெடுத்தார். அதன் பழைய உபயோகம் மறைந்துபோகிற மாதிரி வைத்து, அதைப் பற்றி ஒரு புது எண்ணத்தை உண்டாக்கினார் என்பதே அதன் சாரம்.

இந்த வாதம் நமக்குப் புதிதாகத் தோன்றினால் ஆச்சரியம்தான். நாம் தினமும் சொல்கிற பழமொழி ஒன்று இருக்கிறது: பிடித்து வைத்தால் பிள்ளையார், வழித்து எறிந்தால் சாணி.

வீட்டில் விசேஷம் என்றால் அம்மா என்ன செய்கிறார்? ஒரு பிடி மஞ்சளைக் குழைத்து, விரலால் அழுத்தி, வாழையிலை நுனியில் வைத்து, உச்சியில் இரண்டு அறுகம்புல் செருகுகிறார். தும்பிக்கை இல்லை, வயிறு இல்லை, சிற்பி இல்லை. ஆனால் கூடத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் அது பிள்ளையார். எப்படி? ஒருவர் எடுத்தார், ஓர் இடம் கொடுத்தார், சுற்றியிருப்பவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் போதும். விசேஷம் முடிந்ததும் அதே மஞ்சள் தண்ணீரில் கரைகிறது. துஷாம் பீங்கானை வைத்துச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். மேற்கில் அது அதிர்ச்சி. நமக்கு அது வெள்ளிக்கிழமை.

ஆயுத பூஜையை இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ஸ்பானர், சுத்தியல், தராசு, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்குகிறோம். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் ஸ்பானரை நட்டுத் திருகாமல் வெறுமனே பார்க்கிறோம். அதன் வாய் இவ்வளவு தேய்ந்திருக்கிறதே என்று அன்றைக்குத்தான் கண்ணில் படும்.

ஆனால் வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். பூஜையில் என்ன உணர வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். கண்காட்சியில் அதை யாரும் சொல்வதில்லை. அட்டையில் ‘பம்ப் ஸ்டவ், 17’ என்று மட்டும் இருக்கும். புதிதாகப் போகிறவர் தடுமாறுவது இங்கேதான். நமக்குப் புரியவில்லை, படித்தவர்களுக்குப் புரியும்போல என்று நினைத்து அடுத்த அறைக்கு நழுவிவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படி நழுவியவன்தான்.

எடுத்து வைப்பது ஒரு வழி. சேர்த்து வைப்பது இன்னொரு வழி. 1942-இல் பிக்காசோ ஒரு பழைய சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் எடுத்தார். சீட் முகம், ஹேண்டில்பார் கொம்பு. காளைத்தலை! இதில் ருசி என்னவென்றால், காளை தெரிகிற அதே நேரத்தில் சைக்கிளும் தெரிகிறது. கண் இரண்டுக்கும் நடுவே ஊஞ்சலாடுகிறது. வைக்கோல், கவிழ்த்த சட்டி, அப்பாவின் கிழிந்த சட்டை என்று சேர்த்து நிற்கிற சோளக்கொல்லைப் பொம்மையும் இந்த வகைதான். தூரத்தில் ஆள், கிட்டத்தில் சட்டி.

பள்ளிக்கூடத்தில் ‘கழிவிலிருந்து கலை’ என்று போட்டி வைக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா என்று பலர் கேட்பார்கள். என் அபிப்பிராயம், இல்லை. பெப்சி பாட்டிலை வெட்டிப் பூச்சாடி செய்தால், அது பாட்டில் என்பது தெரியாத அளவுக்கு வண்ணம் பூசியவனுக்குத்தான் முதல் பரிசு. அங்கே பொருள் தன் பழைய வாழ்க்கையை மறைத்துக்கொள்ள வேண்டும். இங்கே மறைக்கவே கூடாது. அந்தப் பழைய வாழ்க்கைதான் சரக்கு.

சில பேர் ஒரே பொருளைக் குவிப்பார்கள். பீகாரில் 1964-இல் பிறந்த சுபோத் குப்தா எவர்சில்வர் பாத்திரங்களைக் குவித்து வேலை செய்கிறவர். 2006-இல் வாளி, குண்டான், டம்ளர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ராட்சத மண்டையோடு செய்தார். அடுக்களையில் ஒரு டம்ளரைப் பார்த்தால் காபி ஞாபகம் வரும். ஆயிரக்கணக்கில், அதுவும் காலியாகப் பார்த்தால் பசி ஞாபகம் வருகிறது. கானாவில் பிறந்து நைஜீரியாவில் வேலை செய்த எல் அனட்சுயி, மதுபாட்டில் மூடிகளைத் தட்டையாக்கிச் செப்புக்கம்பியால் தைக்கிறார். தூரத்திலிருந்து தங்கச்சரிகைப் பட்டு மாதிரி சுவரில் மடிந்து தொங்கும். கிட்டே போனால் ஒவ்வொரு துண்டிலும் சாராயக் கம்பெனி பெயர். ஆப்பிரிக்கக் கரைக்கு ஐரோப்பியர் கொண்டுவந்த மதுவும் அடிமை வியாபாரமும் பின்னிக்கிடந்த கதையை அந்த மூடி சுமக்கிறது. 2015-இல் வெனிஸ் பெருங்கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதை அவருக்குக் கொடுத்தார்கள். பாண்டிச்சேரியில் ஒருவர் இதைத் தொடங்கினால் மூலப்பொருளுக்குப் பஞ்சமே வராது என்று நான் சொன்னது சித்தப்பாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இந்த மாதிரிக் கலையை யாருக்காவது புரியவைக்க வேண்டுமானால் நான் கடைசியில் போய் நிற்பது பக்கத்து மாநிலத்துக்காரரான ஷீலா கௌடாவிடம்தான். 1957-இல் கர்நாடகத்துப் பத்ராவதியில் பிறந்தவர், பெங்களூருவில் இருக்கிறார். ஓவியம் படித்து ஓவியராகவே தொடங்கியவர், 1990-களின் தொடக்கத்தில் சாணியைக் கையில் எடுத்தார். நம் பழமொழியின் இரண்டாம் பாதியை எடுத்துக்கொண்டார் என்று வையுங்கள்.

1998-இல் அவர் செய்த ஒன்றின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘என் வலியை அவனிடம் சொல்’ என்று வரும். பொருள்கள் மூன்றே மூன்று: நூல், ஊசி, குங்குமம். நீளநீளமான நூலை ஊசிக்காதுகளில் கோத்து, எல்லா நூலையும் ஒன்றாகச் சேர்த்து, பசையும் குங்குமமும் குழைத்துத் தடவி, சிவந்த கயிறாக்கினார். அந்தக் கயிறு சுவரிலும் தரையிலும் குடல் மாதிரி சுருண்டு கிடக்கிறது. நுனியில் அத்தனை ஊசியும் கொத்தாகத் தொங்குகிறது. தையலையும் குங்குமத்தையும் அறியாத வீடு நம்மிடம் கிடையாது. அதனால் அந்தச் சிவப்பு, பெயிண்டு டப்பாவிலிருந்து வந்த சிவப்பு மாதிரி நமக்குப் படாது. ஒரு வெளிநாட்டுக்காரர் இதற்கு விளக்க அட்டை படிக்க வேண்டும். நமக்கு வேண்டியதில்லை.

இன்னொன்று 2009-இல் வெனிசில் வைத்தது, இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. கோயிலில் முடிக்காணிக்கை கொடுக்கிறோம். நீள முடி சவுரிக்கும் விக்குக்கும் போகிறது. குட்டை முடியைக் கயிறாகத் திரிக்கிறார்கள். கண் படக்கூடாது என்று பெங்களூருவில் வண்டிக்காரர்கள் அந்தக் கயிற்றை பம்பரில் கட்டுவார்கள். நம் ஊர் வண்டிகளில் எலுமிச்சையும் மிளகாயும் கறுப்புக் கயிறும் தொங்குவது மாதிரிதான். ஷீலா கௌடா அந்த முடிக்கயிற்றைச் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு எடுத்து, முடிச்சுப் போட்டு, அதிலே பளபளக்கும் கார் பம்பர்களைச் சுவரெங்கும் தொங்கவிட்டார். வழக்கமாக பம்பர் கயிற்றைத் தாங்கும். இங்கே கயிறு பம்பரைத் தாங்குகிறது. யார் யாருடைய வேண்டுதலோ, எந்தப் பிள்ளையின் காய்ச்சலுக்காகப் போட்ட மொட்டையோ, அது இரும்பைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மயிரைக் கட்டி மலையை இழுப்பது என்று நாம் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் கையால் செய்திருக்கிறார்.

சித்தப்பாவுக்கு உடனே பிடிபட்டது மூன்றாவது. ரோடு போடுகிறவர்கள் தார் ட்ரம்மை அறுத்துத் தகடாகத் தட்டி, அதையே ஓரத்தில் நிறுத்திக் குடிசையாக்கித் தங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 2006-இல் ஷீலா கௌடா அந்த ட்ரம்களையும் தகடுகளையும் வைத்து ஒரு சின்ன இருட்டுக் கட்டடம் எழுப்பினார். முன்பக்கம் ட்ரம்களை அடுக்கி, அரண்மனைத் தூண் மாதிரி இருக்கும். உள்ளே போக வேண்டுமானால் குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். நுழைந்து அண்ணாந்தால், மேல்தகட்டில் குத்திய பொத்தல்கள் வழியே வெளிச்சம் வந்து நட்சத்திர வானமாகத் தெரியும். “உள்ள சூடு தாங்காதேப்பா, மே மாசத்துல” என்றார் சித்தப்பா. படத்தைக்கூடப் பார்க்காமல், வெறும் சொல்லிலிருந்தே அவருக்கு அந்தச் சூடு தெரிந்துவிட்டது. தார் ட்ரம் வாங்கி விற்ற கை அது.

எனக்குத் தோன்றுவதும் இதுதான். இந்த வகைக் கலைக்குப் பயப்பட வேண்டியவர்கள் பொருளைத் தொடாதவர்கள். தொட்டவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

எல்லாமே நல்ல சரக்கு என்று சொல்லவில்லை. 2019-இல் மயாமியில் மௌரிசியோ கட்டெலான் என்ற இத்தாலியக் கலைஞர் ஒரு வாழைப்பழத்தை டேப்பால் சுவரில் ஒட்டி 1,20,000 டாலருக்கு விற்றார். 2024-இல் அதே படைப்பின் ஒரு பிரதி ஏலத்தில் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. வாங்கியவருக்குக் கிடைப்பது பழமல்ல; எப்படி ஒட்டுவது என்ற குறிப்பும் ஒரு சான்றிதழும். பழம் அழுகினால் வேறு வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். கலைச்சந்தையைக் கிண்டல் செய்கிற வேலை என்கிறார்கள். சரி, கிண்டல் புரிகிறது. ஆனால் புரிந்த அடுத்த நிமிடம் பார்க்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. துஷாம் செய்ததை நூறு வருடம் கழித்து விலைச்சீட்டோடு செய்த மாதிரிதான் எனக்குப் படுகிறது. பூவன்பழமாக இருந்தால் சாப்பிட்டாவது இருக்கலாம்.

“இது யார் வேணா செய்யலாமே” என்ற அடுத்த கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. செய்யலாம், தடையில்லை. ஐந்து நிமிடம் நின்றால் அதிலிருந்து மேலும் மேலும் ஏதாவது வருகிறதா என்பதுதான் சோதனை. அப்படி நிற்கும்போது பார்க்க வேண்டியது இருப்பதை மட்டுமல்ல. எதை விட்டுவிட்டார்கள் என்பதையும்தான். சித்தப்பா கடைக்கும் அந்த அறைக்கும் உள்ள வித்தியாசமும் அங்கேதான் இருக்கிறது. கடையில் எது வந்தாலும் விழும். அறையில் ஒருவர் வேண்டாம் என்று ஒதுக்கியவை நூறு இருக்கும்.

இதை அவரிடம் சொல்லி முடிப்பதற்குள் அவர் மறுபடி ஸ்டவ்களிடம் போய்விட்டார்.

“திரி ஸ்டவ் ஒண்ணுகூட இல்லையே” என்றார். “நம்ம பக்கம் திரி ஸ்டவ்தான் அதிகம் வரும். தேடித்தேடி பம்ப் ஸ்டவ்வா மட்டும் வாங்கியிருக்குது.”

ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். தொட்டியின் அடிப்பகுதியை விரலால் தடவினார். பற்றவைத்த இடம், மூடியின் வாஷர், தண்டு என்று 17-ஐயும் பார்த்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. தொடக்கூடாது என்று சொல்ல வாயெடுத்த பையன் சொல்லாமல் விட்டுவிட்டான்.

“எல்லாம் நல்ல தொட்டி. ஒண்ணுலயும் பிளவு இல்ல.” நிமிர்ந்தார். “முப்பது வருஷத்துல எத்தன ஸ்டவ் வாங்கியிருப்பேன். வெடிச்ச ஸ்டவ்வுன்னு ஒண்ணுகூட என் கடைக்கு வந்ததில்லடா.”

எனக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. அப்புறம் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் டீக்கடைப் பெஞ்சில் எழுத்துக் கூட்டிப் படித்த செய்தித்தாள்கள். ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி.’ கல்யாணமாகி எட்டு மாதம், பதினொரு மாதம், இரண்டு வருடம். மாமியார் சமைக்கும்போது வெடித்ததாக ஒன்றுகூடப் படித்த நினைவில்லை. வட்டத்தின் நடுவில் எதையும் வைக்காமல் விட்டிருந்த அந்தக் காலி இடத்தை அப்போதுதான் பார்த்தேன். ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இருந்தது.

திரும்பும்போது அரியாங்குப்பம் தாண்டும்வரை சித்தப்பா பேசவில்லை. தவளக்குப்பத்தில் பஸ் நின்றபோது, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

“அந்த ஸ்டவ்வெல்லாம் வச்ச புள்ள போன் நம்பர் வாங்கியிருக்கலாம். கடைல இன்னும் நாலு கெடக்குது. பித்தளையக் கழட்டாம வச்சிருக்கேன்னு சொல்லிடு.”